விளிம்பில் இருக்கும் மதிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. அது நம் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் அதன் கீழே அமர்ந்து காப்பி அருந்துகிறோம். ஆயினும் அதனை ஏறிட்டுப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். எண்ணிட்ட அச்சோவியங்களைப் பற்றியே பேசப் புகுகின்றோம். ஓவியர் தாமே தகட்டிலோ, மரத்திலோ, கல்லிலோ உருவை அமைத்து, குறிப்பிட்ட சில படிகளை மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணும் கையொப்பமும் இடுகின்ற படங்கள் அவை.

இதனை இவ்விழாவில் பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேலையின் பொருட்டுத் தில்லிக்கு வந்த நம்மவர் சிலர், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஓவியக் கண்காட்சிகளில் இத்தகைய படங்களை வாங்கினர். எண்ணெய் வண்ண ஓவியத்தை விலை கொடுத்து வாங்க இயலாத நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய கலைப் பொருள் அதுவே. இன்று அவர்கள் ஓய்வு பெற்றுவிட்டனர். சிலர் சென்னைக்கும் கோவைக்கும் திரும்புகின்றனர். சிலர் அயல்நாட்டில் உள்ள பிள்ளைகளிடம் செல்கின்றனர். சிலர் மறைந்தும் போயினர். வீட்டைக் காலி செய்யும் அந்த ஒரு வாரத்தில், எந்தப் படம் பெட்டிக்குள் போகும், எது கபாடிக்காரரின் வண்டியில் ஏறும் என்பது முடிவாகிவிடுகிறது. முடிவு செய்பவர்க்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருப்பதில்லை. தெரிந்தவர் சொல்லிவைக்கவும் இல்லை. இக்குறையை நீக்குவதற்கே இவ்வுரை.

அச்சோவியம் ஆவது யாது?

‘அச்சு’ என்ற சொல்லைக் கேட்டதும், ஆயிரக்கணக்கில் இயந்திரம் உமிழும் காலண்டர் படம் நம் நினைவுக்கு வருகிறது. எண்ணிட்ட அச்சோவியம் அத்தகையதன்று. எட்சிங் என்னும் முறையை எடுத்துக்கொள்வோம். செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகு போன்ற பூச்சு ஒன்றைப் பூசி, ஊசியால் அதன்மேல் ஓவியர் வரைகிறார். ஊசி பட்ட இடத்தில் பூச்சு விலகி உலோகம் வெளிப்படும். தகட்டை அமிலத்தில் இட்டால், அக்கோடுகள் மட்டும் அரித்துப் பள்ளமாகும். பின்பு பூச்சை நீக்கி, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரமாக்கிய தாளை மேலே வைத்து, கனத்த உருளைகளுக்கிடையே செலுத்துவர். ஒரு படி கிடைக்கும். அடுத்த படிக்கு மீண்டும் மை, மீண்டும் துடைப்பு, மீண்டும் தாள். ஆகவே ஒவ்வொரு படியும் ஒரு தனிச் செயல். நம் வீட்டு அச்சு முறுக்கும் ஒரே அச்சிலிருந்து பிறப்பதுதான். ஆயினும் ஒவ்வொன்றும் தனியே மாவில் தோய்ந்து, தனியே எண்ணெயில் இறங்கி எழுந்தது அன்றோ?

மரத்தில் மேடாக விட்ட பகுதி மையை ஏற்று அச்சிடுவது மரச்செதுக்கு. அதனையே லினோலியம் விரிப்பில் செய்வது லினோகட். கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைந்து, கொழுப்பும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு அச்சிடுவது கல்லச்சு. துணித் திரையின் வழியே வண்ணத்தை இழுப்பது திரையச்சு. வழிகள் வேறாயினும் கொள்கை ஒன்றே: ஓவியர் அமைத்த உரு அந்தத் தகட்டிலோ கல்லிலோதான் உள்ளது, தாளில் பதிவதே ஓவியம். அதற்கு முன்னதாக வேறொரு ‘மூல ஓவியம்’ எங்கும் இல்லை. அதனால்தான் ஐம்பது படிகள் இருப்பினும் ஐம்பதும் மூலமே.

நம் நாட்டில் இக்கலைக்கு நெடிய வரலாறு உண்டு. வங்காளத்து முகுல் தே 1916ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று எட்சிங் கற்றுத் திரும்பினார். அச்சோவியம் கற்பதற்கென்றே கடல் கடந்த முதல் இந்தியர் அவர் என்பர். மரச்செதுக்கில் நாட்டுப்புற வாழ்வைக் காட்டிய ஹரேன் தாஸ் (1921–1993), பஞ்சத்தையும் போரின் காயங்களையும் தாளில் பதித்த சோம்நாத் ஹோர் (1921–2006) ஆகியோர் இவ்வரிசையில் வருவர். நம் தில்லியில் ஜக்மோகன் சோப்ராவின் முயற்சியால் 1968இல் ‘குரூப் எய்ட்’ என்னும் அச்சோவியர் குழு தோன்றியது. லலித் கலா அகாதெமி 1976இல் கர்ஹியில் கலைஞர் பட்டறைகளை நிறுவி, தனியே அச்சு இயந்திரம் வாங்க வசதியற்ற இளைஞர்க்கும் வழி செய்தது.

தென்னாட்டுத் தொடர்பும் இதற்கு உண்டு. சித்தூர்ப் பகுதியில் 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்தவர். பின்னர்ப் பாரிஸ் சென்று, ‘அட்டெலியே 17’ என்னும் புகழ்பெற்ற பட்டறையில், மைகளின் நெகிழ்ச்சி வேறுபாட்டைக் கொண்டு ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை ஒருங்கே அச்சிடும் முறையை வளர்த்து உலகப் புகழ் எய்தினார். 2018இல் மறைந்தார். தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர். எம். பழனியப்பன் அச்சோவியத்தில் பெயர் பெற்ற தமிழர். ஆதலின் இக்கலை நமக்கு அயலானதன்று.

எண்ணை எவ்வாறு படிப்பது?

படத்தின் கீழே, வெற்றுத் தாளில், பென்சிலால் மூன்று குறிப்புகள் இருக்கும். பெரும்பாலும் இடப்புறம் எண், நடுவில் தலைப்பு, வலப்புறம் கையொப்பமும் ஆண்டும். எண் 12/50 என்றிருந்தால், மொத்தம் ஐம்பது படிகள், இது பன்னிரண்டாவது எனப் பொருள். சிறிய எண்ணுடைய படியே உயர்ந்தது என்று பலர் நினைக்கின்றனர். அது எப்போதும் உண்மையன்று. அச்சிட்ட வரிசையிலேயே எண் இடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மை உலர்ந்த பின் அடுக்கி எடுத்து எண் இடுவோரும் உளர். ஆனால் ‘டிரைபாயின்ட்’ என்னும் முறை விலக்காகும். அதில் அமிலம் இல்லை. ஊசியால் தகட்டை நேரே கீறுகின்றனர். கீறலின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிர் மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட்டுப் போன்ற கருமையைத் தரும். அச்சின் அழுத்தத்தில் அப்பிசிர் விரைவில் தேய்ந்துபோகும். அங்கே முதலில் எடுத்த படிகள் உண்மையிலேயே செழுமையானவை.

எண்ணுக்குப் பதிலாக ‘ஏ.பி.’ என்றோ, பிரெஞ்சு வழக்கில் ‘ஈ.ஏ.’ என்றோ இருந்தால், அது ஓவியர் தமக்கென வைத்துக்கொண்ட படி. எண்ணிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இத்தகைய படிகளை எடுப்பது பொதுவான மரபு. தொகை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி, இனி அச்சிட இயலாதவாறு செய்வதும் உண்டு. ‘இவ்வளவுதான், இனி இல்லை’ என்ற அந்த உறுதியே எண்ணின் பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். எண்ணும் கையொப்பமும் உள்ள தாள் யாவும் மூல அச்சோவியம் ஆகா. ஒரு வண்ண ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, கணினி வழியே மைத்தெளிப்பு இயந்திரத்தில் அச்சிட்டு, ‘500 படிகள் மட்டுமே’ என எண் இட்டு, சான்றிதழும் சேர்த்து விற்பது இக்காலத்தில் பெருகியுள்ளது. அழகுக்காக வாங்குவதில் தவறு இல்லை. ஆயினும் அது ஓர் ஓவியத்தின் நகலே. தகட்டில் பிறந்த ஓவியம் அன்று. சான்றிதழ் தாளைப் பற்றிச் சொல்லும். தாளோ தன்னைப் பற்றித் தானே சொல்லும். அதனைக் கேட்கும் வகையைக் காண்போம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். படத்தின் ஒரு சிறு பகுதியை உற்று நோக்கினால், ஒழுங்கான வரிசையில் சிறுசிறு வண்ணப் புள்ளிகள் பூவிதழ்போல் சூழ்ந்திருப்பது தெரிகிறதா? அது ஆப்செட் இயந்திரத்தின் வேலை, நகல். மிக நுண்ணிய மைத்துளிகள் ஒழுங்கின்றித் தெளித்தாற்போல் உள்ளனவா? கணினி அச்சு. கோடு தாளினின்று சிறிது புடைத்து, விரல் வைக்காமலே சாய்வெளிச்சத்தில் மேடாகத் தெரிகிறதா? தகட்டின் பள்ளத்திலிருந்து எழுந்த மை அது. அத்தகைய படத்தைச் சுற்றித் தாளில் செவ்வகமான ஓர் அழுத்தப் பள்ளமும் இருக்கும். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த தடம் அது. கல்லச்சுக்கும் திரையச்சுக்கும் இத்தடம் இராது. ஆதலின் தடம் இல்லை என்றவுடன் நகல் என்று தள்ளிவிடலாகாது. கையொப்பம் பென்சிலா, அன்றிப் படத்தோடு சேர்த்து அச்சானதா என்பதையும் அக்கண்ணாடியே காட்டிவிடும்.

பூஜையறைப் படங்கள்

ரவிவர்மா படங்களைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். ராஜா ரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயை அடுத்த காட்கோபரில் அச்சகம் நிறுவினார். அது பின்னர் லோணாவளாவுக்கு அருகில் உள்ள மாளவ்லிக்கு மாறியது. இலட்சுமியும் சரசுவதியும் அங்கிருந்துதான் வண்ணக் கல்லச்சுப் படங்களாக நாடெங்கும் உள்ள பூஜையறைகளுக்கு வந்தனர். பாட்டிமார் சிலர் அப்படங்களுக்குச் சரிகையும் பட்டும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்தனர். இவற்றுக்கு எண் இல்லை. கணக்கிட்ட தொகையும் இல்லை. எண்ணிட்ட அச்சோவியம் என்ற வகையில் இவை சேரா. எனினும் மாளவ்லி அச்சகம் 1972இல் தீக்கிரையான பின், பழைய படிகள் வரலாற்றுச் சான்றுகள் ஆகிவிட்டன. அதிலும் நம் முன்னோர் கையால் ஒட்டிய சரிகை அந்தப் படிக்கே உரியது. அதனைப் பிய்த்து எறிந்து ‘சுத்தம்’ செய்பவர் ஒரு குடும்ப வரலாற்றைப் பிய்த்து எறிகிறார்.

அன்பினால் வரும் கேடு

இனிக் காக்கும் முறைக்கு வருவோம். தாளுக்குப் பகை கறையானும் இராமபாணப் பூச்சியும் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் அன்பும் அதற்குப் பகையாவது உண்டு.

நம் காலனியைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். தந்தையார் இளமையில் வாங்கிய மரச்செதுக்குப் படம் ஒன்று அவ்வீட்டில் இருந்தது. மகளின் திருமணத்தின்போது, புது வீட்டுக்குச் சீராக அதனை அனுப்ப விரும்பினர். பழைய சட்டம் பழுதாயிருந்ததால், நல்ல தேக்குச் சட்டம் ஒன்றை வாங்கி, சட்டம் போடும் கடையில் கொடுத்தனர். சட்டம் சற்றுச் சிறியது. கடைக்காரர் படத்தின் நான்கு பக்கமும் இருந்த ‘வெற்றுத் தாளை’ ஒழுங்காக வெட்டி, அட்டையில் பசை தடவி ஒட்டி, சட்டத்தில் பொருத்தி, பளபளவெனக் கொடுத்தார். எல்லோரும் மகிழ்ந்தனர். பல ஆண்டுகள் கழித்து, மகளின் குடும்பத்துக்கு மருத்துவச் செலவு வந்தபோது படத்தை மதிப்பிடக் கொண்டுபோயினர். பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, ‘எண்ணும் கையொப்பமும் எங்கே?’ என்பதே. அவை வெட்டிய தாளோடு குப்பைக்குப் போயிருந்தன. ஓவியர் இன்னார் என்பதற்குத் தந்தையாரின் வாய்மொழியைத் தவிர வேறு சான்று இல்லை. அவரும் மறைந்துவிட்டார். படம் அதே படம்தான், அழகும் குறையவில்லை. ஆனால் அதன் பெயரும் ஊரும் பறிபோயின. ஆபத்துக்கு உதவும் என்று நம்பியிருந்தது உதவாது போயிற்று.

ஆகையால் இன்றைய உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவோர், இதனை வைத்துக்கொள்ளுக: விளிம்பை வெட்டாதீர். வெற்றுத் தாள் என்று நமக்குத் தோன்றுவது வெற்றுத் தாள் அன்று. தகட்டின் தடம், எண், தலைப்பு, கையொப்பம், தாள் செய்தவரின் நீர்க்குறி ஆகிய யாவும் அவ்விளிம்பிலேயே உள்ளன. சட்டத்துக்கு ஏற்பப் படத்தைக் குறைப்பது, செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டுவதை ஒக்கும்.

அடுத்தது லாமினேஷன். சூட்டினால் பிளாஸ்டிக்கைத் தாளோடு ஒட்டிவிட்டால் பிரிக்க முயலும்போது மையும் தாளும் சேர்ந்து வரும். அதனை ஒருபோதும் செய்யலாகாது. செலோடேப்பும் அவ்வாறே, சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும். மூன்றாவது, பின்னால் வைக்கும் பலகை. பிளைவுட்டும் மலிவான அட்டையும் அமிலத்தை வெளியிடுவன. நல்ல அச்சோவியத் தாள் பருத்தி நாரால் ஆனது. நெடுநாள் வெண்மையாக இருக்கவல்லது. அதனை மலிவான அட்டையோடு சேர்த்து அடைத்தால், அட்டையின் அமிலம் தாளுக்கு ஏறி, பழுப்புப் பட்டைகள் தோன்றும்.

செய்ய வேண்டியது யாது? சட்டம் போடும் கடைக்குச் செல்லும்போது நான்கு கட்டளைகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஒன்று, விளிம்பில் ஒரு நூலும் வெட்டலாகாது. இரண்டு, முன்னும் பின்னும் அமிலமற்ற அட்டையே வைக்க வேண்டும். மூன்று, படத்தை அட்டையில் முழுதாக ஒட்டலாகாது. மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாவுப் பசையால் இணைத்துத் தொங்கவிட வேண்டும். அப்பசை நீரில் கரையும், வேண்டும்போது எடுத்துவிடலாம். நான்கு, கண்ணாடி படத்தைத் தொடலாகாது. இடையில் அட்டைச் சாளரம் வைத்து இடைவெளி விட வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைப்பின் மிக நன்று. செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் தேக்குச் சட்டத்துக்குக் கொடுப்பதை அட்டைக்குக் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும்.

ஒளியும் ஈரமும் தில்லியில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை. காட்சிச்சாலைகளில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவான மங்கிய ஒளியே வழங்குவர். சில மாதங்கள் காட்டியபின் இருட்டில் ஓய்வும் கொடுப்பர். நம் வீட்டில் பால்கனிக்கு எதிர்ச்சுவரில், மாலை வெயில் நேரே விழும் இடத்தில், ஆண்டு முழுதும் தொங்கவிடுகிறோம். வெளிறிய வண்ணம் மீளாது. வெயில் படாத உட்சுவருக்கு மாற்றுவதற்கு ஓர் ஆணி போதும்.

கோடையில் நாம் வைக்கும் ‘டெசர்ட் கூலர்’ வறண்ட காற்றை ஈரமாக்கி அனுப்புவது. அந்தக் காற்று நேரே வீசும் சுவரில் படம் இருக்கலாகாது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் தோன்றும். 45 முதல் 55 வரை நிலையாக இருப்பின் தாளுக்கு நன்று. அந்த அளவை வீட்டில் காப்பது அரிது. ஆயினும் சமையலறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் மழை கசியும் வெளிச்சுவரையும் தவிர்த்தல் நம் கையில் உள்ளது. மழைக்காலம் முடிந்ததும் படத்தைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். பழுப்புப் புள்ளிகளோ, வெண்மையான பூஞ்சணமோ கண்டால், துணியால் தேய்க்க வேண்டா. எலுமிச்சையும் பிளீச்சிங் பொடியும் வேண்டவே வேண்டா. படத்தைத் தனியே, உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, கற்றவரை நாடுங்கள். இன்டாக் என்னும் நிறுவனம் 1984இல் தோன்றியது. லோதி எஸ்டேட்டில் அதன் தலைமையகம் உள்ளது. தாள் ஓவியங்களைச் சீர்செய்யும் வல்லுநரைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

வேப்பிலையும் வசம்பும் ஓலைச்சுவடியைக் காத்தன அல்லவா என்று கேட்கலாம். அலமாரியின் மூலையில் வைக்கலாம். படத்தின்மேல் வைத்தால் தாளில் கறை படியும். சுவரில் மாட்டாத படங்களை, ஒவ்வொன்றுக்கும் இடையே அமிலமற்ற தாள் இட்டு, தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். இடமாற்ற உத்தரவு வந்ததும் படத்தைச் சுருட்டிக் குழாயில் போடுவது நம்மவர் பழக்கம். கனத்த தாளில் புடைத்து நிற்கும் மை சுருட்டினால் விரிசல் விடும். தகட்டின் தடமும் நசுங்கும். இரு கெட்டி அட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டுவதே முறை.

மதிப்பிடுதல்

காப்பதை முதலிலும் மதிப்பிடுவதைப் பின்னரும் கூறுவதற்குக் காரணம் உண்டு. ‘விலை தெரியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர் வீட்டில், விலை தெரியும் நாளில் காப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிராது.

மதிப்பு என்பது ஒரே எண் அன்று. இன்றே விற்றால் வணிகர் தருவது ஒன்று. ஏலத்தில் விரும்பி வாங்குவோரிடையே கிடைப்பது ஒன்று. படம் அழிந்துபோனால் அதற்கு ஈடான மற்றொன்றை வாங்க ஆகும் தொகை ஒன்று. காப்பீட்டுக்கு மூன்றாவதே வேண்டும். உடன்பிறந்தார் பாகம் பிரிப்பதற்கு நடுநிலையான சந்தை மதிப்பே வேண்டும். எதற்காக மதிப்பிடுகிறோம் என்று முதலில் தெளிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

மதிப்பிடுவோர் நோக்குவன ஆறு: ஓவியர் யார், உண்மையில் அவர் படைப்பா, தொகை எத்தனை, நிலை எவ்வாறு, விளிம்பு முழுதாக உள்ளதா, எங்கிருந்து, எவர் கையிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று உண்டா. ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அவற்றை ஒப்பிடும்போது அதே ஓவியர், அதே முறை, ஏறக்குறைய அதே அளவு, அதே நிலை என்று பார்க்க வேண்டும். ஓர் ஓவியரின் எண்ணெய் வண்ண ஓவியம் பெற்ற விலையைச் செய்தித்தாளில் கண்டு, அவருடைய அச்சோவியத்துக்கும் அதனை எதிர்பார்ப்பது, தேரின் விலையை அச்சாணிக்குக் கேட்பது போலாம்.

மதிப்பிடுபவரே வாங்குபவராக இருத்தல் கூடாது. ‘இது ஒன்றும் பெறாது, ஆயினும் நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்பவரிடம் படத்தை விட்டுவிட்டு வரவேண்டா. மதிப்பில் இத்தனை விழுக்காடு என் கூலி என்பவரையும் தவிர்க்க. எண்ணை ஏற்றுவதில் அவருக்கு ஆதாயம் உண்டு. குறித்த கட்டணம் பெற்று, காரணங்களோடு எழுத்தில் தருபவரே தக்கவர். வீட்டுக் காப்பீடு பொதுவாகக் கலைப் பொருள்களைத் தனியே பட்டியலிட்டாலன்றி ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

அயல்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எண்ணுவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப் பொருள் தொல்பொருளாகும். தனியார் எவரும் அதனை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. ரவிவர்மா, ஜாமினி ராய், நந்தலால் போஸ் முதலிய ஒன்பது ஓவியரின் படைப்புகள் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கும் அத்தடை உண்டு. பழைய படம் எனில், விமானநிலையத்தில் தடுமாறுவதைவிட, இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னரே கேட்டறிவது நலம்.

ஒரு பக்கம் எழுதுவோம்

உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிச் சென்ற ஊர்களில், பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதாகச் சொன்னவர் இருந்தனர் அன்றோ? அவர்கள் தமிழின் பகைவர் அல்லர். ஏட்டைத் தெய்வமாகப் போற்றியவர்களே. அதில் இருப்பது இன்னது என்று மட்டும் அறியாதவர்கள். அறியாத பக்தியால் போனவை எவ்வளவு என்று இன்றும் வருந்துகிறோம். சட்டத்துக்காக விளிம்பை வெட்டும் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

ஆதலின் நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஒவ்வொரு வீட்டிலும் படம் ஒன்றுக்கு ஒரு பக்கம் எழுதுவோம். ஓவியர் பெயர், தலைப்பு, அச்சிட்ட முறை, எண், ஆண்டு. படத்தின் அளவும் தாளின் அளவும் தனித்தனியே. எங்கே, எப்போது, யார் வாங்கியது. ரசீதோ கண்காட்சிக் குறிப்போ இருப்பின் அதுவும். முன்புறமும் பின்புறமும் புகைப்படம் எடுத்து இணைப்போம். ஒரு பிரதி வீட்டுப் பத்திரங்களோடு இருக்கட்டும். மற்றொன்று பிள்ளைகளிடம் இருக்கட்டும். பொங்கல் விடுமுறையில் ஒரு பிற்பகல் போதும். பூதக்கண்ணாடியும் அளவுகோலும் சங்கத்தில் வாங்கி வைத்தால் அனைவர்க்கும் பயன்படும்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். அப்படத்தை ஏன் வாங்கினோம் என்பதே அது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் மணியார்டரும் போக மிஞ்சியதில், சோற்றுக்கும் துணிக்கும் அப்பாற்பட்ட ஒன்றை ஒரு குமாஸ்தா வாங்கினாரே, அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதை வாங்கியவரே எழுத வேண்டும். எந்த வல்லுநரும் அதனைக் கண்டுபிடித்துச் சொல்ல இயலாது. வாங்கியவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோமாக.